கூரைப் பசை: விற்கும் மாதமும் ஒட்டும் மாதமும்

திருநெல்வேலிப் பகுதியில் கூரைக்கான ஒட்டுப்பசைகளும் இடைவெளிகளை அடைக்கும் சீலண்டுகளும் மிக அதிகமாக விற்கும் மாதங்கள் ஐப்பசியும் கார்த்திகையும். அவை கூரையில் நன்றாகப் பிடிக்கும் மாதங்களோ மாசி முதல் வைகாசி வரை. பாளையங்கோட்டையில் கட்டுமானப் பொருள் கடை நடத்திக்கொண்டு, கூடவே ஒழுகும் கூரைகளைச் சரிசெய்யும் வேலையையும் எடுத்துச் செய்துவருகிற எனக்கு, இந்தத் தொழிலில் வரும் புகார்களில் பெரும்பங்கு இந்த ஒரு முரணிலிருந்துதான் பிறக்கிறது என்பது நாளடைவில் தெளிவாயிற்று. பொருள் மட்டம், கம்பெனி ஏமாற்றுகிறது, கொத்தனாருக்கு வேலை தெரியவில்லை என்று வாடிக்கையாளர்கள் சொல்லும் காரணங்களும் சில இடங்களில் உண்மைதான். ஆனால் ஈரத்தின் மேல் பூசிய பசை எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் ஒட்டாது.

இந்தப் பொருள்களுக்கு இங்கே இவ்வளவு தேவை எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய வீடுகளின் கூரையில் ஒட்டும் வேலையைச் சுண்ணாம்பு செய்தது. செங்கல் ஜல்லியும் நீறின சுண்ணாம்பும் கலந்து, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் தெளித்து, மரக்கட்டைகளால் நாள்கணக்கில் தட்டி இறுக்கிய தளங்கள் கல்லிடைக்குறிச்சியிலும் வீரவநல்லூரிலும் இன்றும் சில வீடுகளில் ஒழுகாமல் கிடக்கின்றன. அப்படி உட்கார்ந்து தட்டும் ஆட்கள் இப்போது இல்லை. கிடைத்தாலும் அந்தக் கூலியை யாரும் கொடுக்கத் தயாராக இல்லை. ஓட்டு வீடுகள் கான்கிரீட் வீடுகளாயின. 2011இல் தொடங்கிய பசுமை வீடு திட்டத்தின் 300 சதுர அடி வீடுகளும், 2030க்குள் எட்டு லட்சம் வீடுகள் என்ற இலக்கோடு 2024இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தின் 360 சதுர அடி வீடுகளும், கிராமங்களில் கான்கிரீட் தளத்தைச் சாதாரணக் காட்சியாக்கிவிட்டன. இன்னொரு பக்கம் கங்கைகொண்டான் சிப்காட் போன்ற இடங்களில் எழும்பிய தொழிற்கூடங்களும், ஊர்தோறும் முளைத்த கல்யாண மண்டபங்களும், வெயிலுக்காக வீட்டுத் தட்டட்டியின் (மொட்டை மாடியின்) மேல் போடும் கொட்டகைகளும் ஷீட் கூரையைப் பரப்பின. கான்கிரீட்டுக்கு ஒரு வகைப் பசை, ஷீட்டுக்கு வேறொரு வகைப் பசை என்று அலமாரி நிறைந்ததற்கு இவையே காரணம். 1949 முதல் சிமெண்ட் ஆலை ஓடிய தாழையூத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சிமெண்டைத் தவிர வேறெதையும் நம்பாமல் இருந்த நம் ஊர்க் கொத்தனார்கள்கூட இப்போது பாலிமர் டப்பாவைக் கேட்டு வாங்குகிறார்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழை இந்தத் தேவையை ஒரே வாரத்தில் பல மடங்காக்கியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவான அந்த நாள்களில் தாமிரபரணி கரைபுரண்டு, சந்திப்புப் பேருந்து நிலையம் வரை தண்ணீரில் நின்றது. வெள்ளம் வடிந்ததும் கடைக்கு வந்தவர்களில் பலருக்கு ஆற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் வரவே இல்லை, மேலிருந்துதான் வந்திருந்தது. அன்றைக்கே பூச வேண்டும் என்று நின்றவர்களுக்கு நான் விற்றது பெரும்பாலும் தார்பாய்தான். மழை மாதத்தில் செய்யக்கூடிய வேலைகள் மூன்றுதான். தண்ணீர் வெளியேறும் குழாய் வாயில் அடைத்திருக்கும் இலைதழைகளை அகற்ற வேண்டும். தார்பாயைக் கைப்பிடிச் சுவரைத் தாண்டி வெளிப்பக்கமாகத் தொங்கவிட்டு, மணல் மூட்டை வைத்துக் கட்ட வேண்டும். வீட்டுக்குள் கூரையில் ஈரம் கண்ட இடத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுத வேண்டும். இந்தக் கடைசி வேலையை யாரும் மதிப்பதில்லை. ஆனால் மாசி மாதத்தில் பழுது பார்க்க வரும்போது கூரை உலர்ந்துவிட்டிருக்கும், எங்கே ஒழுகியது என்று வீட்டில் ஆளுக்கொரு இடத்தைக் காட்டுவார்கள். அப்போது அந்தப் பென்சில் கோடு ஒன்றே நம்பகமான சாட்சி.

மேலே உலர்ந்த கான்கிரீட் உள்ளேயும் உலர்ந்துவிட்டதா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி அளவில் கெட்டியான பாலிதீன் தாளை வெட்டி, நான்கு ஓரத்தையும் டேப்பால் காற்றுப் புகாமல் தளத்தில் ஒட்டி, மறுநாள் காலை வரை விட்டுவிட வேண்டும். பிரிக்கும்போது தாளின் அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தாலோ, அந்தச் சதுரம் மட்டும் கறுத்திருந்தாலோ, தளத்துக்குள் இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள். பாலியூரித்தேன் வகைப் பொருள் காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டுதான் இறுகுகிறது என்பதால் ஈரம் அதற்கு நல்லதுதானே என்று வாதாடுகிறவர்கள் உண்டு. காற்றின் ஈரம் வேறு, தளத்தில் ஊறிய தண்ணீர் வேறு. நனைந்த பரப்பில் போட்ட பாலியூரித்தேன் நுரைத்துக் குமிழ் விடும். குமிழ் விட்ட பசைக்குப் பிடிப்பும் இல்லை, ஆயுளும் இல்லை.

ஷீட் கூரையில் நான் அதிகம் பார்த்த பழுது, சிலிக்கான் என்ற ஒரே பெயரில் எல்லாவற்றையும் வாங்கிவிடுவதால் வருவது. முக்கூடல் பக்கம் ஒரு பீடி இலைக் கிடங்கில் புதிதாகப் போட்ட வண்ண ஷீட் கூரை அடுத்த மழைக்கே ஒழுகத் தொடங்கியது என்று கூப்பிட்டார்கள். பீடி இலையில் ஈரம் பட்டால் பூசணம் பிடித்துச் சரக்கே வீணாகும் என்பதால் உரிமையாளர் மிகுந்த கவலையில் இருந்தார். ஏணி வைத்து ஏறிப் பார்த்தபோது, ஒரு ஷீட்டின் மேல் அடுத்த ஷீட் ஏறும் விளிம்பில் வெளிப்பக்கமாக நீளத்துக்கும் சிலிக்கான் இழுத்திருந்தார்கள். அதன் நுனியை நகத்தால் நெம்பினேன். வாழைநார் உரிவது போல முழு நீளமும் கையோடு வந்தது. உரிந்த இடத்தில் ஷீட்டை வெட்டிய விளிம்பு வெள்ளைப் பொடி பூத்து, துரு தட்டத் தொடங்கியிருந்தது. பக்கத்தில் கிடந்த பாதி டியூபை அமுக்கி முகர்ந்து பார்த்ததில் காரணம் தெரிந்தது: காடி வாடை. கண்ணாடிக்கும் குளியலறை ஓரங்களுக்கும் போடுகிற அந்த வகைச் சிலிக்கான் இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடுகிறது. துத்தநாகம் பூசிய தகரத்தை அந்த அமிலம் அரிக்கும். சிமெண்டின் காரத்தோடும் அது சேராது. கூரைக்கு வேண்டியது அமிலம் விடாத, நியூட்ரல் என்று டியூபின் மேல் எழுதியிருக்கும் வகை. விலை கூடுதல் என்பதால் வெல்டரோ ஷீட் போடுகிறவரோ தானாக அதைக் கேட்டு வாங்குவது அரிது. வீட்டுக்காரர்தான் சொல்லி வாங்க வேண்டும்.

அந்தக் கிடங்கில் இன்னொரு தொல்லையும் காத்திருந்தது. சிலிக்கான் பட்ட இடத்தின் மேல் வேறு எதுவும் ஒட்டாது, பெயிண்டும் பிடிக்காது. பழையதைக் கத்தியால் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, கரைப்பானில் நனைத்த துணியால் துடைத்த பிறகே புதுப் பொருளைத் தொட முடிந்தது. புது வேலைக்கு ஆகும் நேரத்தைப் போலப் பல மடங்கு இந்தச் சுத்தம் செய்வதிலேயே போயிற்று. ஆகவே, என்ன பொருள் போடுவது என்று முடிவாகாதபோது தற்காலிகமாகச் சிலிக்கான் அடித்து வைப்போம் என்று யாராவது சொன்னால் நான் உறுதியாகத் தடுத்துவிடுவேன்.

சரியான வகையையே வாங்கினாலும் ஷீட்டின் விளிம்பில் வெளியே மெலிதாக இழுத்துவிடுவது பலன் தராது. இதற்கு ஒரு சிறு கணக்கு போதும். இரும்புத் தகரம் ஒரு டிகிரி வெப்பத்துக்கு, தன் நீளத்தில் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 12 பங்கு நீளும். 20 அடி, அதாவது சுமார் 6 மீட்டர் ஷீட், விடியற்காலையில் 25 டிகிரியிலும் சித்திரை மதியத்தில் 65 டிகிரியிலும் இருந்தால், அந்த 40 டிகிரி வித்தியாசத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீண்டு சுருங்குகிறது. இது அன்றாடம் நடக்கிறது. தன் அகலத்தில் 25 விழுக்காடு வரை இழுபடக்கூடிய நல்ல சீலண்ட்கூட, இந்த 3 மில்லிமீட்டரைத் தாங்க வேண்டுமானால் இடைவெளி 12 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். ஷீட் மேல் ஷீட் ஏறும் இடத்தில் அவ்வளவு இடைவெளி ஏது? அங்கே வேண்டியது இறுகாத பொருள். பியூட்டைல் டேப் என்ற பெயரில் சுருளாக வரும் ஒட்டும் பட்டி எத்தனை ஆண்டானாலும் மெழுகுத் தன்மையோடு இருந்து, ஷீட் நகரும்போது தானும் நகர்ந்து கொடுக்கும். கீழ் ஷீட்டின் மேல், திருகு இறங்கும் கோட்டிலேயே பட்டியை ஒட்டி, பாதுகாப்புத் தாளை உரித்து, மேல் ஷீட்டை அமர்த்தித் திருக வேண்டும். திருகு பட்டியைத் துளைத்துப் போவதால் துளையைச் சுற்றியும் அடைபடும். நீளவாக்கில் ஷீட்டுகள் 15 சென்டிமீட்டராவது ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்க வேண்டும். சரிவு குறைந்த கூரையில் 20 சென்டிமீட்டர் நல்லது.

தென்காசி, செங்கோட்டைப் பக்கம் வேலை செய்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். நெல்லைச் சமவெளியில் மழை மேலிருந்து விழுகிறது. குற்றாலத்துச் சாரலோ காற்றோடு கிடையாக வந்து, ஷீட்டின் விளிம்புக்கு அடியில் கீழிருந்து மேலாக ஏறுகிறது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிற ஊரில், மேலே மட்டும் பூசிய பசை எதைத் தடுக்கும்? அங்கே ஒழுகும் கூரைகளில் பாதிக்கு மேல் நான் முதலில் பார்ப்பது திருகுத் தலையின் கீழுள்ள ரப்பர் வாஷரைத்தான். வெயிலில் வெடித்த வாஷரின் மேல் சீலண்டைக் குமிழாக வைத்து மூடுவது ஒரு பருவத்துக்குத் தாங்கும். திருகைக் கழற்றி, ஒரு அளவு பெரிய திருகை, வெயில் தாங்கும் ஈபிடிஎம் என்ற ரப்பர் வாஷரோடு போடுவதுதான் தீர்வு. திருகை அளவுக்கு மீறி இறுக்கினாலும் வாஷர் பிதுங்கிக் கிழிந்துவிடும். கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஷீட்டாக இருந்தால் உலர்ந்த நிலையில் துளையிடவோ அறுக்கவோ தேய்க்கவோ கூடாது. பறக்கும் தூசியிலுள்ள இழைகள் நுரையீரலுக்குக் கேடு. தண்ணீர் தெளித்து, கை ரம்பத்தால் அறுப்பதும் முகக்கவசம் அணிவதும் குறைந்தபட்சம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை கொஞ்சம். தயாரிப்புத் தேதியை அட்டைப் பெட்டியில் பார்க்காமல் டியூபிலேயே பார்க்க வேண்டும். தகரக் கொட்டகையில் கோடை முழுவதும் அடுக்கிவைத்த சரக்கு, தேதி மீதமிருந்தாலும் உள்ளே கட்டிப்பட்டிருக்கலாம். விரலால் அமுக்கினால் நடுவில் கட்டி தட்டுப்படும். 300 மில்லி டியூப் ஒன்று, 10 மில்லிமீட்டர் அகலமும் 5 மில்லிமீட்டர் ஆழமும் உள்ள இணைப்புக்கு 6 மீட்டர், அதாவது சுமார் 20 அடி நீளம் வரும். 600 மில்லி பை 40 அடி. இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால், 200 அடி இணைப்புக்கு நான்கு டியூபோடு வந்து வேலையை முடித்துவிட்டதாகச் சொல்கிறவரிடம் என்ன கேட்பது என்பதும் தெரிந்துவிடும்.

கான்கிரீட் தளத்தின் விஷயம் வேறு. பொதுப்பணித் துறையின் பழைய முறைப்படி 32 பங்கு செங்கல் ஜல்லிக்கு 12.5 பங்கு சுண்ணாம்பு என்ற அளவில் தளம் போட்டு, அதன் மேல் தட்டோடு என்னும் தட்டையான சுட்ட மண் ஓடு பதித்த கூரைகள் பாளையங்கோட்டையில் ஏராளம். தட்டோட்டின் இணைப்புகள் தேய்ந்து தண்ணீர் இறங்கத் தொடங்கியதும், இப்போதெல்லாம் அதன் மேலேயே வெள்ளைக் கூலிங் டைல்ஸ் ஒட்டுகிறார்கள். வெப்பமும் குறையும், ஒழுகலும் நிற்கும் என்பதால் இந்த வேலை பெருகி, டைல் பசையின் விற்பனையும் கூடியிருக்கிறது. பெருமாள்புரத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் தட்டட்டியில் அப்படி ஒட்டிய டைல்கள் மேலெழுந்து நின்றன. ஐந்து ரூபாய் நாணயத்தால் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்ததில் பாதிக்கு மேல் பொள்ளலாக ஒலித்தன. ஒன்றைப் பெயர்த்தபோது, நான்கு மூலையிலும் நடுவிலுமாகச் சிமெண்டைக் குவித்து வைத்து டைலை அமுக்கியிருந்தது தெரிந்தது. மற்ற இடமெல்லாம் வெற்றிடம், அதில் தேங்கிய தண்ணீர். வேலை செய்த கொத்தனாரையும் ஆசிரியை வரவழைத்திருந்தார். "அஞ்சு குத்து சிமெண்ட் வச்சாப் போதும் அண்ணாச்சி, டைல்ஸ் எங்க பறந்தா போயிரப் போவுது?" என்றார் அவர். டைல் பறக்கவில்லை என்பது உண்மை. அதன் அடியில் புகுந்த தண்ணீர் வெயிலில் ஆவியாகித் தள்ளி, மீண்டும் மழையில் நிறைந்து, தளத்துக்குள் வடிந்துகொண்டிருந்தது.

அதே கொத்தனாரை வைத்தே மறுபடி செய்தோம். தட்டோட்டின் பாசியைக் கம்பித் தூரிகையால் தேய்த்துக் கழுவி, உலரவிட்டு, ஆட்டம் கண்ட ஓடுகளைப் பெயர்த்துச் சரிசெய்து, அதன் பிறகு டைல் பசையைப் பல் உள்ள கரண்டியால் ஒரே திசையில் வரிவரியாக இழுத்து, டைலைச் சற்று அசைத்து அமுக்கினோம். அவ்வப்போது ஒரு டைலைப் பெயர்த்துத் திருப்பிப் பார்த்தால், அதன் முதுகு முழுவதும் பசை படிந்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும். டைல் பசைக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 15477, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில், பசைகளை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. முதல் வகை வீட்டுக்குள் தரைக்கு. வெயிலும் மழையும் மாறி மாறிப் படும் மொட்டைத் தளத்துக்கு மூன்றாம் வகைக்குக் கீழே நான் கொடுப்பதில்லை. 20 கிலோ மூட்டை, 3 மில்லிமீட்டர் கனத்தில் ஏறத்தாழ 50 சதுர அடிக்கு வரும். கரைத்த பசையை விரித்தபின் ஒட்டுவதற்கு இருக்கும் நேரம் சாதாரணமாக இருபது நிமிடம் என்று மூட்டையில் எழுதியிருப்பார்கள். பங்குனி வெயிலில் சூடேறிய தளத்தில் அது சில நிமிடங்களிலேயே ஆடை கட்டிவிடும். ஆகவே காலை ஒன்பது மணிக்குள்ளும் மாலை நான்குக்குப் பிறகும்தான் வேலை. இறுகத் தொடங்கிய பசையில் மேலும் தண்ணீர் விட்டுக் கலக்கும் பழக்கத்தை மட்டும் கண்டிப்பாக நிறுத்தச் சொல்ல வேண்டும். சிமெண்ட் சாந்தில் பழகிய கைக்கு அது லேசில் விடாது.

டைல்களை இடைவெளி இல்லாமல் நெருக்கி ஒட்டுவது பார்வைக்கு அழகு, கூரைக்குக் கேடு. டைலுக்கு டைல் 3 மில்லிமீட்டராவது விட்டு, கிரவுட் என்னும் நீர் புகாத இணைப்புச் சாந்தால் நிரப்ப வேண்டும். 8 முதல் 12 அடிக்கு ஒரு முறை இரு திசையிலும், சுவரை ஒட்டிச் சுற்றிலும், கிரவுட் போடாமல் பாலியூரித்தேன் சீலண்டுக்கான இணைப்பு விட வேண்டும். அந்த இணைப்பின் அடியில் பஞ்சுக் கயிறு போன்ற நுரைக் குச்சியைத் திணித்த பிறகே சீலண்டை இழுக்க வேண்டும்; பசை இரு பக்கச் சுவர்களில் மட்டும் ஒட்டி, அடியில் ஒட்டாமல் இருந்தால்தான் இழுபடும்போது கிழியாது. ஆழம் அகலத்தில் பாதி போதும். இதையெல்லாம் செய்தும் தளத்துக்குச் சரிவு இல்லையென்றால் பயனில்லை. 10 அடிக்கு ஒன்றரை அங்குலமாவது வாட்டம் இருக்கிறதா என்று டியூப் லெவலில் பார்த்துவிட்டுத்தான் நான் பொருள் கணக்கே போடுவேன். வேலை முடிந்து பசை இறுகியபின் குழாய் வாயை அடைத்து, ஒரு நாள் முழுவதும் தண்ணீர் தேக்கிப் பார்க்காமல் கொத்தனாரின் கடைசித் தவணையைக் கொடுக்கக் கூடாது.

எரிவாயுத் தீயால் உருக்கி ஒட்டும் தார் விரிப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பெரிய தளங்களுக்கு அவை நல்லவை. சிறு வீடுகளுக்கு, ஆள் நடமாட்டமும் வற்றல் வடகம் காயப்போடுவதும் உள்ள தட்டட்டிகளுக்கு, மேலே ஓடு பதிக்காமல் அவை நிலைப்பதில்லை.

எந்தப் பசையும் விற்கக் கூடாத கூரைகளும் உண்டு. உள்பக்கம் சிமெண்ட் பூச்சு உதிர்ந்து, துருப்பிடித்த கம்பி தெரிகிற தளத்துக்கு மேலே ரசாயனம் பூசித் தரும்படி கேட்பார்கள். கம்பி துருப்பிடிக்கும்போது பருத்து, கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கிறது. மேலே பூசும் பூச்சு அந்தப் பிளவை மறைக்குமே தவிர நிறுத்தாது. அங்கே பொறியாளர் ஒருவர் கம்பியைச் சுரண்டிப் பார்த்து, தளத்தைக் காப்பாற்றலாமா இடிக்க வேண்டுமா என்று சொன்ன பிறகுதான் மற்றவை. விற்க மறுத்தால் அடுத்த கடையில் வாங்கிவிடுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

அண்மைக் காலமாக வரும் புதுத் தேவை, சூரிய மின் தகடுகளால் வருவது. 2024இல் தொடங்கிய ஒன்றிய அரசின் மானியத் திட்டத்துக்குப் பிறகு தட்டட்டிகளில் தகடுகள் கூடிவருகின்றன. தகட்டின் கால்களைப் பொருத்த, தளம் முழுவதும் போட்ட நீர்த்தடுப்பைத் துளைத்து போல்ட் இறக்குகிறார்கள். முடிந்தவரை, தளத்தின் மேல் தனியாகக் கான்கிரீட் கட்டை வார்த்து, அதில் காலைப் பொருத்துவதே நல்லது. வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் பக்கத்துக் காற்றுக்கு அந்தக் கட்டையின் எடையைப் பொறியாளரைக் கொண்டு கணக்கிட வேண்டும். துளைத்தே ஆக வேண்டுமானால், கம்பியைத் துளைக்குள் பிடித்து நிறுத்த, இரு பொருள் கலந்து வரும் எபாக்சி நங்கூரப் பசை இருக்கிறது. துளையைத் தூரிகையால் தேய்த்து, பம்பால் ஊதி, மீண்டும் தேய்த்து ஊதிய பிறகு, நுனிக் குழாயில் முதலில் வரும் சீராகக் கலக்காத பசையைத் தள்ளிவிட்டு, ஒரே நிறமாக வரத் தொடங்கியதும் துளையின் அடியிலிருந்து நிரப்பிக்கொண்டே வர வேண்டும். கம்பியைச் சுழற்றி இறக்கும்போது பசை வாய்வரை பிதுங்கி வழிய வேண்டும். வழியவில்லையென்றால் உள்ளே வெற்றிடம் இருக்கிறது. தகடு பொருத்த வரும் பையன்களிடம் தூரிகையும் ஊதும் பம்பும் இருக்கிறதா என்று ஏணியில் ஏறும் முன்பே கேட்டுவிடுவது நல்லது. இல்லையென்றால் இரண்டையும் எந்தக் கடையிலும் வாங்கிக்கொள்ளலாம்.